யார் மீதும் குற்றமில்லை

(நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது. செய்திமடலுக்காகச் சற்றுத் திருத்தி எழுதித் தந்திருக்கிறேன்.)



போன கூட்டத்தில் தண்ணீர் மீட்டர் பற்றிப் பேசினோம். அதற்கு முந்தைய கூட்டத்தில் மாடித்தோட்டம். இந்த முறை என்னைப் பேசச் சொன்னபோது, டெபாசிட், நாமினேஷன், லாக்கர் என்று ஏதாவது பேசுவேன் என்றுதான் செயலாளர் நினைத்திருப்பார். நான் பி.காம். படித்து, 36 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் இன்று பேசப்போவது, தாய் வயிற்றில் இருக்கும் கருவுக்கு இடுப்பெலும்பும் சிறுநீர்ப்பையும் எப்படி உருவாகின்றன என்பதைப் பற்றி. ஆச்சரியப்படாதீர்கள், காரணம் இருக்கிறது.

என் பேரனை உங்களில் பலருக்குத் தெரியும். லீவுக்கு லீவு வருவான். இப்போது 11 வயது. பாதங்கள் இரண்டும் வெளிப்பக்கம் பார்த்திருக்கும், கொஞ்சம் அகட்டி நடப்பான். "பையனுக்குக் காலில் என்ன சார்?" என்று நீங்கள் அக்கறையாகக் கேட்டிருக்கிறீர்கள். "ஒன்றுமில்லை, சின்ன வயதில் ஹெர்னியா ஆபரேஷன் ஆயிற்று" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அது பொய். 11 வருடமாக உறவுக்காரர்களிடமும் உங்களிடமும் அந்தப் பொய்யைச் சொல்லி வந்திருக்கிறேன்.

போன காலாண்டு லீவில் லிஃப்டில் ஒருவர் இதையே கேட்டார். நானும் வழக்கமான பதிலைச் சொன்னேன். பேரன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அன்று ராத்திரி படுக்கும்போது கேட்டான்: "தாத்தா, எனக்கு ஹெர்னியா இல்லியே. ஏன் அப்படிச் சொன்னே? எனக்கு இருக்கறது வெளிய சொல்லக்கூடாத விஷயமா?"

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. மறுநாள் அவனிடமே கேட்டேன்: "நான் எல்லாருக்கும் சரியாச் சொல்லட்டுமாடா?" அவன் அப்பா அம்மாவிடமும் பேசினேன். அவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: "சொல்லு, ஆனா என் பேரைப் போடாதே." ஆகவே பெயர் இல்லாமல் சொல்கிறேன். ஊர், மருத்துவமனை பெயரும் சொல்லவில்லை.

அவனுக்கு இருப்பதற்கு மருத்துவத்தில் 'பிளாடர் எக்ஸ்ட்ரோஃபி' என்று பெயர். சிறுநீர்ப்பை வயிற்றுக்குள் மூடியிருக்காமல், அடிவயிற்றில் திறந்தபடி வெளியே தெரியப் பிறப்பது. 30,000 முதல் 50,000 பிறப்புகளுக்கு ஒன்று என்று கணக்கு. ஆண் குழந்தைகளிடம் அதிகம். நம் நாட்டில் வருடத்துக்குச் சுமார் 2.3 கோடிக் குழந்தைகள் பிறக்கின்றன. கணக்குப் போட்டால் வருடத்துக்கு 450 முதல் 750 குழந்தைகள் வரை வருகிறது. அபூர்வம்தான். ஆனால் அந்த அத்தனை வீட்டிலும் ஒரு தாத்தா என்னைப் போலவே ஏதோ ஒரு பொய்யைத் தேடிக்கொண்டிருப்பார் என்று தோன்றுகிறது.

முதலில் இடுப்பெலும்பு. நம் மெயின் கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கதவு, பின்னால் தூணில் கீல், நடுவில் தாழ்ப்பாள். நம் இடுப்பும் அப்படித்தான். முதுகெலும்பின் அடிப்பாகம்தான் தூண். அதிலிருந்து வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று இரண்டு எலும்புகள் வளைந்து முன்னால் வந்து சந்திக்கின்றன. சந்திக்கும் இடம் தொப்புளுக்கு வெகு கீழே, அடிவயிறு முடியும் இடத்தில் கையால் அழுத்தினால் கெட்டியாகத் தெரியும். அங்கே இரண்டுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் அகலத்துக்குக் குருத்தெலும்பு இருக்கிறது. அதுதான் தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளுக்குப் பின்னால்தான் சிறுநீர்ப்பை பாதுகாப்பாக உட்கார்ந்திருக்கிறது. சிறுநீரை அடக்கி வைக்கும் தசைகளும் அதே இடத்தில்தான்.

ஒவ்வொரு கதவும் ஒரே எலும்பு இல்லை. மேலே அகலமாக இருப்பது இலியம், உட்காரும்போது தரையில் படுவது இஸ்கியம், முன்னால் வருவது பியூபிஸ். மூன்றும் தொடை எலும்பு வந்து பொருந்தும் குழியில் சேர்கின்றன. குழந்தையிடம் அந்தச் சேர்க்கை வெறும் குருத்தெலும்புதான். ஒன்றாக இறுகுவதற்கு 14, 16 வயதாகும். கருவிலும் மூன்றும் ஒரே நாளில் எலும்பாவதில்லை. முதலில் இலியம், பிறகு இஸ்கியம், தாழ்ப்பாள் பக்கம் இருக்கும் பியூபிஸ் கடைசி.

இனி சிறுநீர்ப்பை. நாலாவது வாரத்தில் கரு ஒரு துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். அப்போது அதன் கீழ்ப்பகுதியில் சிறுநீருக்குத் தனி வழி, மலத்துக்குத் தனி வழி என்றெல்லாம் கிடையாது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு அறை. அதற்கு 'குளோயகா' என்று பெயர். கோழிக்கும் பல்லிக்கும் ஆயுள் முழுக்க அந்த ஒரே அறைதான். மனிதக் கருவிலோ, நாலாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள், மேலிருந்து ஒரு தடுப்புச் சுவர் இறங்கி அந்த அறையை இரண்டாகப் பிரிக்கிறது. பின்பக்க அறை மலக்குடல் ஆகிறது. முன்பக்க அறையின் மேல்பாகம் சிறுநீர்ப்பை ஆகிறது. சிறுநீர்ப்பையின் உச்சியிலிருந்து தொப்புள் வரைக்கும் ஒரு சின்னக் குழாய் போகும். அது பிற்பாடு அடைத்துக்கொண்டு வெறும் நாராகிவிடும். அந்த நார் இப்போதும் நம் எல்லோர் வயிற்றுக்குள்ளும் இருக்கிறது.

சிறுநீரகங்களும் முதலில் இடுப்புக்குள்தான் உருவாகின்றன. பிறகு மெதுவாக மேலே ஏறி, ஒன்பதாவது வாரத்துக்குள் விலா எலும்புக்குக் கீழே போய் உட்காருகின்றன. சிலருக்கு ஒன்று ஏறாமல் இடுப்பிலேயே தங்கிவிடும். சிலருக்கு இரண்டும் கீழே ஒட்டிக்கொண்டு குதிரை லாடம் மாதிரி இருக்கும். சுமார் 500 பேரில் ஒருவருக்கு இந்த லாடச் சிறுநீரகம் உண்டு. பலர் வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் அதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குளோயகாவின் முன்சுவர் ஆரம்பத்தில் மெல்லிய சவ்வுதான். வெளியே தோல் அடுக்கு, உள்ளே குடல் அடுக்கு, நடுவில் ஒன்றுமில்லை. தொப்புளுக்குக் கீழே இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு நடு அடுக்கு நகர்ந்து வந்து அந்த இரண்டுக்கும் இடையில் புக வேண்டும். அந்த நடு அடுக்குதான் பின்னால் அடிவயிற்றுத் தசையாகவும் தாழ்ப்பாள் பக்கத்து எலும்பாகவும் ஆகிறது. சட்டையின் வலப்பக்கமும் இடப்பக்கமும் வந்து நடுவில் பொத்தான் போடுகிற மாதிரி.

அந்த நடு அடுக்கு நடுவில் வந்து சேராவிட்டால் என்ன ஆகும்? சவ்வு பலமில்லாமல் கிழிந்துவிடும். அதன் பின்னால் இருப்பது சிறுநீர்ப்பை. அதற்கும் முன்சுவர் இல்லாமல் போய்விடும். குழந்தை பிறக்கும்போது அடிவயிற்றில் சிவப்பாக, ஈரமாக, சிறுநீர்ப்பையின் உள்பக்கம் வெளியே தெரியும். சிறுநீர் சேரவே சேராது, சொட்டிக்கொண்டே இருக்கும். தொப்புள் வழக்கத்தைவிடக் கீழே இருக்கும். ஆண் குழந்தையானால் சிறுநீர் வரும் குழாயும் மேல்பக்கம் பிளந்திருக்கும். பொத்தான் போடப்படாததால் கேட்டின் இரண்டு கதவும் சேராது. பிறக்கும்போது அந்த இடைவெளி சராசரியாக 4 செ.மீ. இருக்கும். எலும்பின் முன்பாகம் சற்றுக் குட்டையாகவும் வெளிப்பக்கம் திரும்பியும் இருப்பதால் பாதங்களும் வெளியே பார்க்கும். நீங்கள் என் பேரனிடம் பார்த்த நடை இதுதான். வயிற்றிலும் எலும்பிலும் சிறுநீர்ப்பையிலும் மூன்று நோய் இல்லை. நடு அடுக்கு வந்து சேராத ஒரே காரணத்தின் மூன்று விளைவுகள்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. வங்கியில் செக் போட்ட தேதி ஒன்று, பணம் வரவு வைக்கும் தேதி ஒன்று. டாக்டர்களிடமும் இரண்டு தேதி. நான் நாலாவது வாரம் என்று சொன்னது கரு உண்டான நாளிலிருந்து எண்ணுவது. பிரசவ டாக்டர் எண்ணுவது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. இரண்டுக்கும் இரண்டு வாரம் வித்தியாசம். அதாவது அந்தத் தடுப்புச் சுவர் இறங்க ஆரம்பிக்கும்போது, அந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். பலருக்கு அப்போதுதான் சந்தேகமே வரும். வீட்டில் பெரியவர்களுக்கு விஷயம் தெரிவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

இந்தத் தேதிக் கணக்கு எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால், ஒரு கஷ்டத்தைத் தடுத்திருப்பேன்.

குழந்தை பிறந்த மூன்றாம் நாள் என் அக்கா வந்தாள். மருமகளைப் பார்த்து, "கிரகணத்தன்னிக்கு வெளியே போனியா?" என்று கேட்டாள். இன்னொருவர் பப்பாளி சாப்பிட்டாயா என்று கேட்டார். என் மனைவியே, "ஏழாம் மாசத்தில அவ்வளவு தூரம் பஸ்ல போனியேம்மா" என்றாள். மருமகள் ஒன்றும் பேசவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இத்தனைக்கும் அவள் என்னை மாமா என்று கூப்பிடுவதை அப்பா என்று கூப்பிடுவதாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

மறுநாள் ஒரு பெண் டாக்டர், குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர், வந்தார். எங்கள் எல்லோரையும் கட்டிலைச் சுற்றி நிற்கவைத்து, ஒரு பிரிஸ்கிரிப்ஷன் தாளின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். நான் இப்போது உங்களிடம் சொன்னதெல்லாம் அந்தப் படத்தில் ஆரம்பித்ததுதான். கடைசியில் என் அக்காவைப் பார்த்து, "அம்மா, ஏழாம் மாசத்தில் நடந்த எதுவும் இதுக்குக் காரணமாக முடியாது. இது ரெண்டாம் மாசத்திலேயே முடிஞ்ச விஷயம். கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்றார். மருமகள் அப்போதுதான் அழுதாள். நாலு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை.

அதற்குப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும் அதுதான். இதற்கு ஒரு தனிக் காரணத்தை மருத்துவம் கண்டுபிடிக்கவில்லை. மரபணுக்களுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு இருந்தால் அடுத்ததற்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், ஆனாலும் குறைவுதான். தாய் செய்ததாலோ செய்யாததாலோ வந்தது என்று விரல் நீட்ட ஒன்றுமே கிடையாது.

ஸ்கேனில் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியலாம். கருவில் இருக்கும் குழந்தையின் சிறுநீர்ப்பை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு தடவை நிறைந்து காலியாகும். ஐந்தாம் மாத ஸ்கேனில் சிறுநீரகம் நன்றாக இருந்து, பனிக்குட நீரும் சரியாக இருந்து, சிறுநீர்ப்பை மட்டும் கண்ணில் படவே இல்லை என்றால், சற்று நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் தெரியாவிட்டால் சந்தேகப்பட வேண்டும். எங்கள் விஷயத்தில், அப்போதுதான் காலியாகியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பெண்ணின் ரிப்போர்ட்டில் 'சிறுநீர்ப்பை தெரியவில்லை' என்று ஒரு வரி இருந்தால், "இன்னொரு தடவை பாருங்கள்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

முன்கூட்டியே தெரிந்தால் பிரசவத்தை வசதியுள்ள இடத்தில் வைத்துக்கொள்ளலாம். பிறந்தவுடன் செய்ய வேண்டியவை சின்ன விஷயங்கள்தான். தொப்புள்கொடியில் பிளாஸ்டிக் கிளிப் போடாமல் நூலால் கட்ட வேண்டும், கிளிப் சிறுநீர்ப்பையில் உராய்ந்து புண்ணாக்கும். திறந்த இடத்தின் மேல் பஞ்சோ துணியோ வைக்கக்கூடாது, ஒட்டிக்கொள்ளும். சமையலறையில் உணவை மூடுகிறோமே, அந்த மாதிரி மெல்லிய சுத்தமான பிளாஸ்டிக் படலத்தால் மூட வேண்டும். அப்புறம் இதில் அனுபவம் உள்ள குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கலாம், மடியில் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கடைசி விஷயத்தை எங்கள் வீட்டில் யாரும் மருமகளிடம் சொல்லவில்லை. அவள் தொடவே பயந்தாள்.

பேரனுக்கு மூன்றாவது மாதத்தில் முதல் ஆபரேஷன். சிறுநீர்ப்பையை மடித்துத் தைத்து உள்ளே வைத்தார்கள். அதோடு இடுப்பெலும்பை இரண்டு பக்கமும் வெட்டி, முன்னால் கொண்டுவந்து சேர்த்தார்கள். சேர்ந்த எலும்பு மறுபடி விலகாமல் இருக்க இடுப்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டு, ஆறு வாரம். கதவைச் சேர்க்காமல் சிறுநீர்ப்பையை மட்டும் மூடினால், முன்னால் இழுவை தாங்காமல் தையல் விட்டுப்போகும். எலும்பும் பையும் ஒரே கதை என்று சொன்னேன் அல்லவா, அது ஆபரேஷனிலும் அப்படித்தான். பிறகு ஒரு வயதில் சிறுநீர்க்குழாயைச் சரிசெய்தார்கள். ஆறு வயதில் சிறுநீர்ப்பையின் கழுத்தை இறுக்கினார்கள். அதுவும் போதாமல் எட்டு வயதில் இன்னொன்று: குடல்வாலை எடுத்து, சிறுநீர்ப்பைக்கும் தொப்புளுக்கும் நடுவில் ஒரு சின்னப் பாதையாக வைத்தார்கள். இன்று என் பேரன் மூன்று, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தொப்புளில் இருக்கும் அந்தத் துவாரம் வழியாகக் கதீட்டரை விட்டுச் சிறுநீரை எடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு விளையாடப் போகிறான். ஐந்து நிமிட வேலை. தானே செய்துகொள்கிறான். எட்டு வயது வரை டயபர் போட்டிருந்த பிள்ளை.

நம்மில் சிலர் குடல்வால் எதற்கும் உதவாத உறுப்பு என்று படித்திருப்போம். அதை இப்படிப் பயன்படுத்தலாம் என்று 1980இல் எழுதியவர் மித்ரோஃபனாஃப் என்ற பிரெஞ்சு டாக்டர். அதற்கு முன்பு, 1942இல், ஹியூ ஹாம்ப்டன் யங் என்ற அமெரிக்க டாக்டர், ஒரு பெண் குழந்தையின் திறந்த சிறுநீர்ப்பையை மூடி, அந்தக் குழந்தை சிறுநீரை அடக்கவும் முடிந்தது என்று தெரிவித்தார். நம் நாட்டில் அகமதாபாத் சிவில் ஆஸ்பத்திரியில் 2009இலிருந்து இந்தியாவின் டாக்டர்களும் அமெரிக்க டாக்டர்களும் சேர்ந்து இந்தக் குழந்தைகளுக்காகவே அறுவை சிகிச்சை முகாம்கள் நடத்தி வருகிறார்கள். அரசு ஆஸ்பத்திரி. என் தாத்தா காலத்தில் இப்படிப் பிறந்த குழந்தையின் கதி வேறு. இன்று பெரும்பாலான குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். ஆயுள் முழுக்க வருடாவருடம் சிறுநீரக ஸ்கேனும் பரிசோதனையும் வேண்டும், அவ்வளவுதான்.

வங்கிக்காரன் பணம் பற்றிப் பேசாமல் இறங்கினால் செயலாளர் கோபித்துக்கொள்வார். உங்கள் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியை இன்று சாயங்காலம் எடுத்துப் பாருங்கள். பிறவிக் குறைபாடுகளை காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இரண்டாகப் பிரித்து விளக்கம் தருகிறது. உடலின் வெளியே கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருப்பது வெளிப்புறக் குறைபாடு, தெரியாத இடத்தில் இருப்பது உட்புறக் குறைபாடு. பல பாலிசிகளில் வெளிப்புறக் குறைபாட்டுக்குப் பணம் கிடையாது. சிறுநீர்ப்பை உள்ளுறுப்புத்தானே என்று நாங்கள் விண்ணப்பித்தோம். வெளியே தெரிகிறதே என்று நிராகரித்துக் கடிதம் வந்தது. 36 வருடம் கவுண்டரில் உட்கார்ந்து, "நிபந்தனையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்" என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். என் மகனுடைய பாலிசியைப் படிக்கவில்லை. கம்பெனிகள் ஊழியர்களுக்காக எடுக்கும் குழுக் காப்பீட்டில் சில சமயம் இந்த விலக்கைத் தளர்த்தியிருப்பார்கள், பிறந்த நாளிலிருந்தே குழந்தையையும் சேர்த்திருப்பார்கள். வீட்டில் பிள்ளைப்பேறு எதிர்பார்க்கும் இளைஞர்கள் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரசுக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், பணம் புரட்ட ஓடுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு உதவி மையத்தில் கேட்டுவிடுங்கள்.

இங்கே பேரன் பேத்திகளை வளர்க்கும் தாத்தா பாட்டிகள் நிறையப் பேர் இருக்கிறோம். பேரனுக்கு வந்தது அபூர்வம். ஆனால் அதே இடத்தில், அதே வாரங்களில் ஏற்படும் வேறு சில குறைகள் அவ்வளவு அபூர்வம் இல்லை. குளிப்பாட்டித் துடைத்துவிடும் நம் கண்ணில்தான் அவை முதலில் படும்.

ஆண் குழந்தை சிறுநீர் போகும்போது நீர் பீய்ச்சி வராமல், முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாக வந்தால் காட்ட வேண்டும். குழாயின் உள்ளே வால்வு மாதிரி ஒரு சவ்வு அடைத்திருக்கலாம். ஆண் குழந்தைகளில் 5,000 முதல் 8,000 பேருக்கு ஒருவருக்கு இது உண்டு. கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும். தொப்புள்கொடி விழுந்த பிறகும் தொப்புள் எப்போதும் ஈரமாகவே இருந்தால், நான் சொன்ன அந்தச் சின்னக் குழாய் அடைபடாமல் இருக்கலாம். சளி, இருமல் இல்லாமல் குழந்தைக்கு அடிக்கடி குளிர்காய்ச்சல் வந்தால் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சிறுநீர் பையிலிருந்து சிறுநீரகத்துக்குத் திரும்பிப் போகும் குறை, சுமார் நூறு குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. சீக்கிரம் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம்.

ஆறு, ஏழு வயதுப் பிள்ளை டவுசரை நனைத்தால் உடனே திட்டாதீர்கள். பத்துப் பேர் முன்னால் கேலி செய்யாதீர்கள். அது சோம்பேறித்தனமாக இல்லாமலும் இருக்கலாம்.

கடைசியாக, சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று, பலூன். சிறு வயதிலிருந்து பல ஆபரேஷன் ஆன குழந்தைகளுக்கு ரப்பர் கையுறை, ரப்பர் குழாய் இவற்றோடு பழகிப் பழகி லேட்டக்ஸ் ஒவ்வாமை வருவது உண்டு. என் பேரனுக்கும் இருக்கிறது. பார்ட்டி ஹாலில் பிறந்தநாள் என்றால் அவன் ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பான். பலூன் வெடித்த தூசி காற்றில் இருந்தாலே அவனுக்கு மூச்சு இழுக்கும். மே மாதம் அவன் இருக்கும் நாட்களிலாவது ரப்பர் பலூனுக்குப் பதில் காகிதத் தோரணமோ, பளபளவென்று இருக்கும் ஃபாயில் பலூனோ கட்டினால் அவனும் வந்து கேக் சாப்பிடுவான்.

இரண்டு, கிளப் ஹவுஸ் பாத்ரூம். அது பூட்டியே இருக்கிறது, சாவி செக்யூரிட்டியிடம். செக்யூரிட்டி எங்கேயோ ரவுண்ட்ஸில் இருப்பார். நேரத்துக்குச் சிறுநீர் எடுக்க வேண்டிய பிள்ளை அவரைத் தேடி மூன்று பிளாக்கும் ஓட முடியாது. இது பேரனுக்காக மட்டும் கேட்கவில்லை. சர்க்கரை உள்ளவர்களும், புராஸ்டேட் உள்ள என் வயதுக்காரர்களும் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமல் இருக்கிறார்கள். சாயங்காலம் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரையாவது திறந்து வையுங்கள், கையைக் கழுவ சோப்போடு.

மூன்று, நீச்சல் குளம். தொப்புளில் துவாரம் இருக்கும் பிள்ளை குளத்தில் இறங்கலாமா என்று சிலர் யோசிக்கலாம். இறங்கலாம், அவன் டாக்டரே அனுமதி கொடுத்திருக்கிறார். வயிற்றில் தழும்புகள் இருக்கும். உங்கள் பிள்ளைகள் கேட்டால், "அவனுக்குப் பிறக்கும்போது வயிறு முழுசா மூடலை, டாக்டர்கள் தைச்சு மூடினாங்க" என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது போதும். அடுத்த நிமிடம் யார் முதலில் குதிப்பது என்று சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள். நாம்தான் அதற்கு மேலும் கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு திரிகிறோம். அந்த மாதிரிக் கேள்வி இருந்தால் அவனிடம் கேட்காமல் என்னிடம் கேளுங்கள். நான் சி பிளாக்கில்தான் இருக்கிறேன்.

என் அக்காவுக்கு இப்போது 74 வயது. போன மாதம் அவளுடைய பேத்தி கர்ப்பமாக இருக்கிறாள் என்று சொன்னாள். "கிரகணம் வருது, அவளை உள்ளேயே இருக்கச் சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். நான் ஒரு பேப்பரை எடுத்து, அந்தப் பெண் டாக்டர் போட்ட படத்தைப் போட்டுக் காட்டினேன். கோணல் மாணலாகத்தான் வந்தது. முழுக்கக் கேட்டாள். "அப்போ நம்ம பொண்ணு மேல தப்பில்லையாடா?" என்று கேட்டாள். என் மருமகளைத்தான் சொன்னாள். "இல்லை அக்கா, அன்னிக்கே இல்லை" என்றேன். மருமகளுக்கு ஃபோன் போட்டுக் கொடு என்றாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த ஃபோனை 11 வருடம் முன்பே நான் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

மே முதல் வாரம் பேரன் வருகிறான். லிஃப்டில் யாராவது கேட்டால் இந்த முறை சரியான பதிலைச் சொல்லுவேன். அவனே முந்திக்கொண்டு சொன்னாலும் சொல்வான்.